அப்பா நிற்காத வரிசைகள்

தேவர்சோலை ரேஷன் கடைக்கு எதிரில் ஒரு சின்னப் பாலம். அதன் கைப்பிடிச் சுவர் மேல் அப்பா உட்கார்ந்திருக்கிறார். மடித்த சாக்குப் பை அவர் முழங்கால் மேல் இருக்கிறது. பக்கத்தில் நான். எதிரே கடை வாசலிலிருந்து சாலை வளைவு வரைக்கும் வரிசை.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் அது. சர்க்கரை வந்திருக்கிறது என்று எஸ்டேட் முழுக்கச் செய்தி பரவி, ஆளுக்கொரு பையோடு ஊரே வந்து நிற்கிறது. சாரல். மண்ணெண்ணெய் வாசமும் நனைந்த கம்பளி வாசமும் சேர்ந்து மூக்கில் ஏறுகின்றன. எனக்கு எட்டு ஒன்பது வயது இருக்கும். கடைக்காரர் அள்ளிப் போடப் போட, உள்ளே இருக்கும் மூட்டை இளைத்துக்கொண்டே போவது எனக்கு இங்கிருந்தே தெரிகிறது.

"அப்பா, நாமளும் போய் நிக்கலாங்கப்பா."

"கூட்டம் போகட்டும்."

பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை. பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடி, வரிசையின் கடைசியில் நின்றுகொண்டேன். அப்பா எழுந்து வந்தார். என் மணிக்கட்டைப் பிடித்து வரிசையிலிருந்து வெளியே இழுத்தார். அவர் எங்களை அடிக்கிற ஆள் கிடையாது, ஆனால் அந்தப் பிடி வலித்தது. கூட்டிக்கொண்டு வந்து மறுபடியும் சுவர் மேல் உட்கார வைத்தார்.

கூட்டம் போனது. சர்க்கரையும் போனது. காலிப் பையோடு வீடு வந்தோம்.

"ஏனுங்க, ஊரே நின்னு வாங்கிட்டு வருது. உங்க காலு மட்டும் என்ன கண்ணாடியிலயா செஞ்சிருக்குது?" என்று அம்மா கேட்டாள். அப்பா பையை உதறி ஆணியில் மாட்டினார். அந்த வருஷம் எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் பலகாரமான கல்கல் கிடையாது. பக்கத்துக் குவார்ட்டர்ஸிலிருந்து வந்த பலகாரத் தட்டை அம்மா வாங்கி வைத்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

தலைக்கனம் பிடித்த கண்டக்டர்

அப்பாவின் பெயர் சவரிமுத்து. தேவர்சோலைப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் கண்டக்டர். பஸ்ஸில் டிக்கெட் கொடுக்கிறவர் இல்லை. எஸ்டேட்டில் வேலைக்காரர்களை மலைக்குப் பிரித்து அனுப்பி மேற்பார்வை பார்க்கிறவருக்கு அந்தப் பெயர். நான் கான்வென்ட் ஹாஸ்டலில் இதைச் சொல்லிச் சொல்லியே நாக்கு தேய்ந்தவள்.

ரேஷன் கடையில் மட்டும்தான் என்றில்லை. கூடலூர் பஸ் ஸ்டாண்டில் வரிசை என்றால் அப்பா அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருப்பார். ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்க வரிசை என்றால் காய்ச்சலோடு திரும்பி வந்துவிடுவார். கோயில் பூசையில் நன்மை, அதாவது நற்கருணை அப்பம், வாங்கப் போகிற வரிசையில்கூட நிற்க மாட்டார். எல்லோரும் வாங்கி முடித்து, சாமியார் பாத்திரத்தை மூடிக்கொண்டு பீடத்துப் பக்கம் திரும்பும்போதுதான் இவர் பெஞ்சிலிருந்து எழுந்து தனியாக நடந்து போவார். சாமியார் மறுபடி மூடியைத் திறக்க வேண்டும். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அம்மா முக்காட்டை மூக்கு வரை இழுத்துக்கொள்வாள்.

ஊரார் சொன்ன காரணம் தலைக்கனம். துரைமாரோடு பழகிப் பழகிக் கண்டக்டருக்குக் கொம்பு முளைத்துவிட்டது என்றார்கள். அம்மாவும் அதைத்தான் சொன்னாள். நானும் அப்படித்தான் நம்பினேன். இப்போது எழுபதைத் தொட்டுக்கொண்டிருக்கிற, இந்தப் பத்திரிகைத் தொடரை எழுதுகிற இந்த ஓய்வு பெற்ற டீச்சர், போன மாதம் வரைக்கும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தாள்.

இந்தத் தொடரில் அப்பாவைப் பற்றி எழுதுவதில்லை என்றுதான் முடிவு செய்திருந்தேன். தெரிந்தால்தானே எழுதுவதற்கு. ஹாஸ்டல் நாட்களைப் பற்றி எழுதிய அத்தியாயத்தில் போகிற போக்கில் ஒரு வரி போட்டுவிட்டேன்: "அப்பா இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரர்களிடம் கைதியாக இருந்தவர்." உடனே வாசகர்கள் பிடித்துக்கொண்டார்கள். எந்த முகாம், எத்தனை வருஷம், என்ன கொடுமை என்று ஒரே கேள்வி. ஐயா, அம்மா, எனக்குத் தெரிந்தது அந்த ஒரே வரிதான். சிங்கப்பூரில் பிடிபட்டார், போர் முடிந்து எலும்பும் தோலுமாகச் சொந்த ஊரான குன்னூருக்கு வந்து சேர்ந்தார். நடுவில் இருந்த வருஷங்களை அவர் வாயைத் திறந்து சொன்னதே இல்லை.

அம்மா தீர்த்துக் கட்டிய பெட்டி

பட்டாளத்திலிருந்து அப்பா ஒரு ட்ரங்குப் பெட்டி கொண்டுவந்தார். அதில் காகிதங்கள் இருந்தன. இருந்தன என்பது வரைக்கும்தான் எனக்குத் தெரியும்.

நீலகிரியில் ஜூலை மாதம் எப்படி இருக்கும் என்று இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. விறகு பூராவும் ஊறிப் போயிருக்கும். ஊதி ஊதிக் கண் சிவந்ததுதான் மிச்சம் என்று ஆகிவிடும். அப்படி ஒரு ஜூலையில், அப்பா மலைக்குப் போயிருந்த நேரத்தில், வெந்நீர் பாய்லரைப் பற்ற வைக்க அம்மா அந்தப் பெட்டியைத் திறந்திருக்கிறாள். ஒரே நாளில் இல்லை. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக. நாங்கள் எல்லோரும் அந்த வெந்நீரில் குளித்திருக்கிறோம்.

பல வருஷம் கழித்து நான் கேட்டபோது அம்மாவுக்கு ஒரு வருத்தமும் இல்லை. "அந்தக் காகிதத்தால உங்கப்பாவுக்கு என்ன பிரயோசனம்? உங்களுக்காச்சும் சுடுதண்ணி ஆச்சு" என்றாள். பெட்டி காலியானதை அப்பா பார்த்தாரா என்று கேட்டேன். பார்த்தாராம். "நல்லாத்தான் எரியுது" என்றாராம். இந்த மாதிரி அப்பாவையும் அம்மாவையும் வைத்துக்கொண்டு ஒருத்தி சரித்திரம் எழுத வேண்டுமாம்.

மூன்று முறை தப்பித்த மாவீரன்

இனி என் அண்ணன் லூர்துராஜ். என்னைவிட மூன்று நான்கு வயது மூத்தவன். கோயம்புத்தூரில் பம்பு கம்பெனியில் இருந்து ஓய்வு பெற்றவன். கையில் நேரமும் செல்போனும் நிறைய இருக்கின்றன.

போன மழையில் குன்னூர் கல்லறைத் தோட்டத்தின் தடுப்புச் சுவர் சரிந்து அப்பாவின் கல்லறைக் கல் உடைந்துவிட்டது. பழைய கல்லில் பெயரும் தேதியும் மட்டும்தான். புதுக் கல் நானே போடுகிறேன் என்று அண்ணன் சொன்னபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. மறுநாள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வாசகத்தை அனுப்பினான்.

"ஜப்பானியச் சிறையை மூன்று முறை உடைத்துத் தப்பிய மாவீரன்."

கூடவே ஒரு படம். பேரப் பிள்ளைகள் ஏதோ செயலியில் போட்டு, அப்பாவின் பழைய கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கலர் கொடுத்திருக்கிறார்கள். பட்டாள உடுப்பு, நெஞ்சு நிறையப் பதக்கம். அப்பா பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறார். நான் பிறந்ததிலிருந்து பார்க்காத சிரிப்பு அது. குழுவில் எல்லோரும் கை கூப்பினார்கள்.

நான் போனைப் போட்டேன்.

"அண்ணா, மூணு தடவை தப்பிச்சார்னு உனக்கு யார் சொன்னது?"

"அம்மா சொன்னா."

"எங்கிட்ட அம்மா அவர் கேம்ப்ல சமையல் பண்ணினார்னுதானே சொன்னா."

"நீ ஹாஸ்டல்ல இருந்தவ லில்லி, உனக்கு என்ன தெரியும்."

"மூணு தடவை தப்பிச்சவர் ஏன் போர் முடியற வரைக்கும் உள்ள இருந்தாராம்?"

"திரும்பப் பிடிச்சிருப்பாங்க" என்றான்.

எனக்கு ரத்தம் கொதித்தது. வாழ்நாள் பூராவும் தன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாத மனிதரின் தலைமாட்டில், அவர் சொல்லாத ஒன்றைக் கிரானைட்டில் வெட்டி வைக்கப் போகிறான். நாங்கள் போன பிறகும் அந்தக் கல் அங்கேயேதான் நிற்கும். அதைப் படிக்கிற ஒவ்வொருவருக்கும் அப்பா அந்தப் பல் தெரியும் படத்து ஆளாகிவிடுவார்.

"அப்ப உண்மை என்னன்னு நீ கண்டுபிடி. கல்லறைத் திருநாளுக்கு முன்னாடி கொண்டு வந்து குடு, வெட்டறேன். இல்லைன்னா என்னோடதுதான்" என்றான் அண்ணன்.

அவன் மேல் கோபம் வந்தாலும், இது எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் அண்ணன் அணிவகுப்புக் குழுவில் இருந்தான். ஊட்டி மைதானத்தில் நடக்கும் சுதந்திர தின அணிவகுப்புக்கு அவனைத் தலைவனாகத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். காக்கிச் சட்டைக்குக் கஞ்சி போட்டு, கரி இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துத் தேய்த்து, பித்தளைப் பொத்தானைப் புளி போட்டு மினுக்கி வைத்திருந்தான். அப்பா போகக் கூடாது என்றுவிட்டார். காரணம் சொல்லவில்லை. அண்ணன் அழுதான், சாப்பிடாமல் கிடந்தான். அப்பா அசையவே இல்லை. அதற்குப் பிறகு வெகுகாலம் அப்பாவும் மகனும் அம்மா வழியாகத்தான் பேசிக்கொண்டார்கள். தன்னை வீரனாக விடாத அப்பாவை, அவர் போன பிறகாவது வீரனாக்கிவிட வேண்டும் என்று அண்ணனுக்கு ஓர் ஆத்திரம்.

நம்பர் இருந்தால் நம்பர் கிடைக்கும்

சரி, தேடுவோம் என்று கிளம்பினேன். கிளம்பியது என் தப்பு.

பழைய பட்டாள ஆவணங்களை வைத்திருக்கிற ஓர் அலுவலகத்துக்கு எழுதினேன். அப்பாவின் ராணுவ நம்பரைக் கொடுத்தால் தேடுவோம் என்று பதில் வந்தது. நம்பர் தெரியாது, அதைத்தான் கேட்கிறேன் என்று எழுதினேன். நம்பர் அவருடைய ஆவணத்தில் இருக்கும், ஆவணத்தைத் தேட நம்பர் வேண்டும் என்று மரியாதையாகப் பதில் வந்தது. அந்த மரியாதைதான் தாங்க முடியவில்லை. வெளிநாட்டு ஆவணக் காப்பகம் ஒன்றுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். சவரிமுத்து என்ற பெயரில் பலர் இருப்பதாகவும், அவர்களில் யார் என் தகப்பனார் என்று நானே சொல்ல வேண்டும் என்றும் கேட்டார்கள்.

குன்னூரில் ஓய்வு பெற்ற ராணுவ அதிகாரி ஒருவர் உதவுவதாகச் சொல்லி வீட்டுக்குக் கூப்பிட்டார். சாப்பாட்டு மேஜையில் உப்பு டப்பாவை சிங்கப்பூர் ஆக்கினார். ஸ்பூன்கள் ஜப்பான் படை. மாலை வரைக்கும் ஸ்பூன்கள் நகர்ந்தன. எந்த ஜெனரல் எங்கே தவறு செய்தான் என்பதெல்லாம் இப்போது எனக்குத் தலைகீழ்ப் பாடம். எங்கள் அப்பா மட்டும் அந்த மேஜையில் எங்கேயும் இல்லை.

இண்டர்நெட்டில் தேடாத இடமில்லை. முகாம்களின் புகைப்படங்கள் வந்தன. கோவணத்தோடு வரிசையாக நிற்கிற ஆட்கள். ஒவ்வொரு முகமாகப் பெரிசாக்கிப் பார்த்தேன். பெரிசாக்க ஆக்க எல்லோரும் புள்ளிகளாகிவிட்டார்கள். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்து அழுதேன். அப்பாவுக்காகவா, கண் வலிக்காகவா என்று கேட்டால் இரண்டுக்கும்தான்.

அக்டோபர் முடியப் போகிறது. நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். கையில் ஒன்றுமில்லை. அண்ணனிடமிருந்து கல்லின் சாம்பிள் படங்கள் மட்டும் தவறாமல் வந்துகொண்டிருந்தன.

திட்டுவதற்கு ஓர் அழைப்பு

அப்போதுதான் அந்தப் போன்.

"ஏனுங்க, லில்லி டீச்சருங்களா? தேவர்சோலையில இருந்து பேசறேனுங்க. உங்க தொடர் படிக்கிறோமுங்க. எங்க மாமியார் உங்கப்பாகிட்ட வேலை செஞ்சவங்க. அவங்க உங்களைப் பாக்கணுமாம்."

"சந்தோஷங்க. எதுக்குன்னு சொன்னாங்களா?"

"உங்கப்பாவைத் திட்டணுமாமுங்க."

மறுநாள் பஸ் பிடித்தேன். மாமியாரின் பெயர் பூரணம். சிலோன் எஸ்டேட்டிலிருந்து தாயகம் திரும்பியவர்களோடு புருஷன் கையைப் பிடித்துக்கொண்டு வந்து எங்கள் எஸ்டேட்டில் பெயர் பதிந்தவள். இப்போது மகன் கூடலூரில் பேக்கரி வைத்திருக்கிறான். டைல்ஸ் போட்ட பெரிய வீடு. சுவர் அகலத்துக்கு டிவி. அதன் முன்னால் சாய்வு நாற்காலியில், இடுப்புக்குத் தலையணை கொடுத்து, பூரணக்கா. டிவியில் தொடர் நாடகம் ஓடிக்கொண்டிருந்தது.

"வா பாப்பா" என்றாள். எழுபது வயதில் என்னைப் பாப்பா என்று கூப்பிட ஓர் ஆள் இருப்பது தெரிந்து ஒரு நிமிஷம் எல்லாக் கோபமும் இறங்கியது. "இரு, விளம்பரம் வரட்டும்."

ஆமாம், விளம்பரம் வரும்போதுதான் பேச்சு. நாடகம் தொடங்கினால் கை உயரும், என் வாய் மூட வேண்டும். மருமகள் காது கேட்காத மாதிரி டீ ஆற்றிக்கொண்டிருந்தாள்.

முதல் விளம்பரம் வந்தது.

"இந்த இடுப்பு வலி உங்கப்பாரு குடுத்தது" என்றாள்.

"என்னக்கா சொல்றீங்க?"

"பெரட்டு தெரியுந்தானே பாப்பா?"

தெரியும். விடியற்காலையில் சங்கு ஊதியதும் வேலைக்காரர்கள் எல்லோரும் களத்தில் கூட வேண்டும். பேர் கூப்பிட்டு, ஆளை எண்ணி, யார் எந்த மலைக்கு என்று பிரித்து விடுவார்கள். அதுதான் பெரட்டு. குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் அந்தப் பக்கம் போகக் கூடாது என்பதால் நான் பார்த்ததில்லை, சங்குச் சத்தத்தை மட்டும் போர்வைக்குள்ளிருந்து கேட்டிருக்கிறேன்.

"சிலோன்ல நாங்க வரிசையா நிப்போம். எல்லாத் தோட்டத்துலயும் அப்படித்தான். இங்க வந்தா கண்டாக்கையா, அதான் உங்கப்பாரு, உக்காருங்கன்னாரு. பெரட்டுக்கு வந்த அத்தனை பேரும் உக்காரணும். பனியில புல்லு பூராத் தண்ணி. அட்டை வேற. சீலை நனைஞ்சு, அந்த ஈரச் சீலையோடயே நாள் முச்சூடும் கொழுந்து எடுக்கணும். நாங்க நிக்கிறோம் ஐயான்னு கெஞ்சுனோம். விட மாட்டாரு. எல்லாரும் உக்காந்த பொறகுதான் பேரு கூப்பிடுவாரு."

நாடகம் வந்துவிட்டது. கை உயர்ந்தது. யாரோ யாருடைய பாலிலோ எதையோ கலந்தார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு அதைப் பார்த்தேன். மணிக்கட்டில் அப்பாவின் பிடி வலிக்கிற மாதிரி இருந்தது.

அடுத்த விளம்பரம். "ஒரு நாளு தொரை ஜீப்புல வந்து பாத்துட்டு, என்ன சவரிமுத்து, இது பெரட்டா சந்தையான்னாரு. உங்கப்பாரு ஆபீஸ்ல இருந்து ஒரு ஸ்டூலு கொண்டாந்து, தொரையையும் உக்காரச் சொன்னாரு." பூரணக்கா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். இடுப்பு வலித்து, பாதியில் நிறுத்தி, அதற்கும் அப்பாவை ஒரு வசவு வைதாள்.

"அவர் ஏன் அப்படிச் செஞ்சார்னு கேட்டிருக்கீங்களா?"

"நான் மாசமா இருந்தேன். அந்த ஈரத்துல உக்கார முடியல. ஒருநாளு வீம்புக்கு நின்னுட்டேன். தலை சுத்திருச்சு. பக்கத்துல இருந்த ரெண்டு பேரு எந்திரிச்சு ரெண்டு பக்கமும் என்னையத் தாங்கிப் பிடிச்சாளுக. அதைப் பாத்தாரு பாரு உங்கப்பாரு. மூஞ்சி வெளுத்துப் போச்சு. விடுங்க அவளை, கீழ உக்கார வைங்கன்னு கத்துனாரு. கத்துற மனுசனே இல்ல அவரு."

மறுபடியும் நாடகம். நான் எழுந்து போய் அந்த டிவியை அணைத்துவிடலாமா என்று நினைத்தேன். அடுத்தவர் வீடு. உட்கார்ந்திருந்தேன். மருமகள் கொடுத்த டீ கையில் ஆறிப் போனது. இத்தனை மாதமாக எழுதாத கடிதமில்லை, பார்க்காத ஆளில்லை. கடைசியில் எங்கள் அப்பாவின் கதை ஒரு சோப்பு விளம்பரத்துக்காகக் காத்திருக்கிறது.

விளம்பரம் வந்தது. இந்தத் தடவை பூரணக்கா டிவியைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள்.

"அன்னிக்குச் சாயந்தரம் நாங்க குடியிருந்த லயத்து வீட்டுக்கு வந்தாரு. என் வீட்டுக்காரர்கிட்டச் சொன்னாரு, நான் உள்ள படுத்துக்கிட்டே கேட்டேன். ஜப்பான்காரன் காலையிலயும் அந்தியிலயும் நிக்க வெச்சு எண்ணுவானாம். கணக்குல ஆளு குறைஞ்சா எல்லாரும் வெயில்லயே நிக்கணுமாம், விழுறவன் விழுவானாம். அதனால செத்துப் போனவனையும் ரெண்டு பக்கமும் கையைக் கோத்துத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நிப்பாங்களாம். எண்ணி முடிச்ச பொறகுதான் கீழ விடுவாங்களாம். உங்கப்பாரும் அப்படி ஒருத்தனைப் பிடிச்சுக்கிட்டு நின்னாராம். குன்னூர்ப் பையனாம், கூடவே பட்டாளத்துக்குப் போனவனாம்."

"யாருக்கா அது? பேர் சொன்னாரா?"

"சொன்னாரு. ரெண்டு மூணு தரம் சொன்னாரு." பூரணக்கா கண்ணை மூடி யோசித்தாள். உதட்டை அசைத்துப் பார்த்தாள். "மறந்து போச்சு பாப்பா."

எனக்கு வந்த ஆத்திரத்தை எழுத முடியாது. நேற்று ஓடிய நாடகத்தில் எந்த மருமகள் என்ன நிறச் சேலை கட்டினாள் என்று சொல்கிறவளுக்கு, எங்கள் அப்பா தோளில் தாங்கிக்கொண்டு நின்றவனின் பெயர் மறந்து போய்விட்டது. அடுத்த நிமிஷம் அவள் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். அந்தப் பெயரைத் தவிர மற்றதெல்லாம் அவள்தானே பத்திரமாக வைத்திருந்தாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வரும்போது ரேஷன் கடை ஞாபகம் வந்தது. சர்க்கரைக்காக நான் ஓடிப் போய் வரிசையின் கடைசியில் நின்றேனே, அப்போது அவர் என்னை எங்கே நிற்பதாகப் பார்த்தாரோ.

கல்லு வெட்டியாச்சு

அன்றே அண்ணனிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். முடித்ததும், "கல்லு வெட்டியாச்சு லில்லி" என்றான்.

"திருநாளுக்கு முன்னாடின்னு நீதானே சொன்ன. இன்னும் நாள் இருக்குதே."

"இப்பெல்லாம் கம்ப்யூட்டர்ல வெட்டறாங்க, உடனே முடிஞ்சிருது. அதுவுமில்லாம நீ சொல்றதை எப்படிக் கல்லுல போடறது? ஆளுகளை உக்கார வெச்சார்னா? ஜனங்க சிரிப்பாங்க."

"ஊட்டி அணிவகுப்புக்கு உன்னை ஏன் விடலைன்னு இப்பவாச்சும் புரியுதா?"

போன் துண்டிக்கப்பட்டது. நெட்வொர்க் போய்விட்டதாகப் பிறகு ஒரு செய்தி அனுப்பினான். கோயம்புத்தூர் நடுவில் உட்கார்ந்துகொண்டு நெட்வொர்க் இல்லையாம்.

கல்லறைத் திருநாள்

நவம்பர் மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. கல்லறைத் தோட்டம் முழுக்க மெழுகுவத்தியும் செவ்வந்தியும் யூகலிப்டஸ் இலையும் மணத்தன. அப்பாவின் புதுக் கல் கறுப்பாகப் பளபளவென்று நின்றது. மூன்று முறை தப்பிய மாவீரன் தங்க எழுத்தில் இருந்தார். படம் வேறு, அந்தப் பல்லோடு. அண்ணன் வெள்ளைப் பேண்ட், வெள்ளைச் சட்டையில் நின்று வருகிறவர்களுக்குக் கை கொடுத்துக்கொண்டிருந்தான். நான் அவனோடு பேசவில்லை.

பூரணக்காவை நான் கூப்பிட்டிருந்தேன். இந்த இடுப்போடு அவள் வருவாள் என்று எதிர்பார்க்கவில்லை. மகன் காரில் கூட்டிக்கொண்டு வந்தான். மருமகள் தோளைப் பிடித்துக்கொண்டு சேற்றில் ஒவ்வொரு அடியாக வைத்து வந்து சேர்ந்தாள். எழுத்தைப் படிக்கத் தெரியாது. படத்தைப் பார்த்தாள். "யாரிது?" என்றாள்.

சாமியார் ஒவ்வொரு கல்லறையாகத் தீர்த்தம் தெளித்து மந்திரித்துக்கொண்டு எங்களிடம் வந்தார். எல்லோரும் எழுந்து நேராக நின்றோம். பூரணக்கா மட்டும் மருமகள் தோளிலிருந்து கையை எடுத்துவிட்டு, முனகிக்கொண்டே, ஈரப் புல்லில் உட்கார்ந்தாள்.

அண்ணன் பதறிப் போனான். "ஏனுங்க, எந்திரிங்க. ஈரமுங்க. சேர் கொண்டாரச் சொல்றேன்."

"வேணாம் தம்பி."

"இடுப்பு வலிங்கறாங்களே, எப்படிங்க கீழ…"

"உங்கப்பாரு முன்னுக்கு நாங்க நின்னதில்ல" என்றாள் பூரணக்கா. "நின்னா அவரு பேரு கூப்பிட மாட்டாரு. நீயும் உக்காரு, அப்பத்தான் சாமியாரு தொடங்க முடியும்."

சாமியாருக்கு ஒன்றும் புரியவில்லை. புத்தகத்தைத் திறந்து வைத்தபடி எங்களைப் பார்த்தார். அண்ணன் கல்லைப் பார்த்தான். கீழே உட்கார்ந்திருக்கிறவளைப் பார்த்தான். அவன் தாடை ஆடியது. சின்ன வயதில் அழுகையை அடக்கும்போது அவனுக்கு அப்படித்தான் ஆடும்.

பிறகு வெள்ளைப் பேண்ட்டோடு அந்தப் புல்லில் உட்கார்ந்தான்.

நானும் உட்கார்ந்தேன். பிள்ளைகள், பேரன்கள் எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தார்கள். ஈரம் சேலையைத் தாண்டி வந்து சுளீரென்று உறைத்தது. பூரணக்கா திட்டியதில் தப்பே இல்லை. சாமியார் ஒருவர் மட்டும் நின்றபடி ஜெபித்து முடித்தார்.

"அந்தப் பையன் பேரு நெனப்பு வரலீங்களா?" என்று அண்ணன் அவளிடம் மெதுவாகக் கேட்டான்.

"வரல தம்பி. வந்தா சொல்லி அனுப்புறேன்."

அண்ணன் தலையாட்டினான். என் பக்கம் திரும்பி, "அந்த வரியையும் படத்தையும் எடுக்கச் சொல்லிடறேன்" என்றான். "தேய்ச்சு எடுத்தா கல்லு பள்ளமாத்தான் இருக்கும்."

"இருக்கட்டும்" என்றேன்.

மந்திரிப்பு முடிந்து கல்லறைத் தோட்டத்திலேயே பூசை. நன்மை கொடுக்கும் நேரத்தில் கல்லறைகளுக்கு நடுவே வரிசை வளைந்து வளைந்து நீண்டது. எங்கள் பிள்ளைகள் எழுந்து போய் நின்றார்கள். நான் எழப் போனேன். அண்ணன் அசையாமல் உட்கார்ந்திருந்தான்.

"போலாமா?" என்றேன்.

"கூட்டம் போகட்டும்."

கூட்டம் போனது. சாமியார் பாத்திரத்தை மூடிவிட்டுப் பீடத்துப் பக்கம் திரும்பினார். அப்போதுதான் நாங்கள் இரண்டு பேரும், பின்னால் சேறு அப்பிய துணியோடு, எழுந்து நடந்தோம். காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பிய சாமியார் எங்களைப் பார்த்துவிட்டு, மூடியை மறுபடியும் திறந்தார்.